கவுன்சிலிங் காலத்துக்குப் பொறியியல் கல்லூரியின் இணையதளத்தைத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024இல் பிளஸ் டூ ரிசல்ட் மே 6 அன்று வந்தது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சிலிங்கான டிஎன்இஏவின் விண்ணப்பமும் அன்றே திறந்தது. 2025இல் விண்ணப்பம் மே 7, ரிசல்ட் மே 8. மதிப்பெண் கைக்கு வரும் நாளிலேயே வீட்டில் யாராவது ஒருவர் கைபேசியை எடுத்துக் கல்லூரிகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார். அந்த வாரத்தில் இணையதளத்தைத் திருத்த உட்கார்ந்தால் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. வேலை ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிந்திருக்க வேண்டும்.

மாவட்டத் தலைநகரங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருக்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். இங்கே இணையதளத்துக்கென்று ஒரே ஒருவர் இருப்பார், அல்லது கணினித் துறை ஆசிரியர் ஒருவர் வகுப்புகளுக்கு நடுவே அதைக் கவனித்துக்கொள்வார். விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் ஒதுக்குவதற்கு முன்னால், தேடி வருபவர் கேட்கும் மூன்று நான்கு கேள்விகளுக்குத் தளத்தில் நேரான பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்லூரித் தளங்களில் இல்லை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் (ஜனவரி)

கல்லூரியின் இணைய முகவரி யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவருக்குப் போகும், அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், சேர்க்கைக் காலத்தின் நடுவில் தளம் நின்றுபோகும். ஏசி.இன், இடியு.இன் என்று முடியும் முகவரிகளுக்கான பதிவை எர்நெட் இந்தியா கவனிக்கிறது. அங்கே உள்ள தொடர்பு மின்னஞ்சலை முதல்வர் அலுவலகத்தின் பொது முகவரிக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சான்றிதழையும் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ்கள் பலவும் 90 நாட்களுக்கே செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு சத்தமில்லாமல் நின்றுபோனால், தளத்தைத் திறப்பவருக்குப் பெரிய எச்சரிக்கைப் பக்கம் வரும். பெற்றோர் அதைப் பார்த்துத் திரும்பிப் போவார், போனதும் உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, எந்தச் சொல்லைத் தேடித் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், வந்தவர்கள் தளத்தில் என்ன செய்தார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் விவரத்தை வைத்திருக்கும், ஆகவே போன மே மாதத்தை இந்த ஜனவரியிலும் பார்க்கலாம். அனலிட்டிக்ஸ் அப்படியல்ல. அதில் விரிவான ஆய்வுப் பகுதிக்கான விவரம், யாரும் மாற்றாவிட்டால் 2 மாதத்தில் அழிந்துவிடும். அமைப்புகளில் தரவுச் சேமிப்புக் காலத்தை 14 மாதமாக மாற்றினால்தான் ஒரு சேர்க்கைக் காலத்தை அடுத்ததோடு ஒப்பிட முடியும். மாற்றுவதற்கு முன் அழிந்தது திரும்பி வராது என்பதால் இதை இன்றே செய்துவிடுங்கள்.

இன்னொன்று. கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், அதன் பின் முக்காற்புள்ளி, அதை ஒட்டிக் கல்லூரியின் முகவரி என்று தட்டித் தேடிப் பாருங்கள். சூதாட்டம், மருந்து விற்பனை என்று நீங்கள் எழுதாத பக்கங்கள் வந்தால் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களின் முகவரிக்குத் தேடுபொறியில் நல்ல மதிப்பு உண்டு. அதைத் திருடிப் பிழைக்கத்தான் இப்படிப் புகுகிறார்கள். பழைய செருகுநிரல்களும் (பிளக்இன்), என்றோ நடந்த கருத்தரங்குக்காகத் தொடங்கிக் கைவிட்ட துணைத்தளங்களும்தான் பெரும்பாலும் அவர்கள் நுழையும் வாசல். தேவையில்லாததை நீக்கிவிட்டு, மீதியைப் புதுப்பித்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: கேள்விகளைச் சேகரியுங்கள்

அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். சர்ச் கன்சோலில் போன ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடப்பட்ட சொற்களை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பட்டியல்தான் தெரியும்: பீஸ், கட் ஆஃப், ஹாஸ்டல், பஸ் ரூட், கோட் நம்பர், பிளேஸ்மென்ட்.

இப்போது உங்கள் முகப்பைக் கைபேசியில் திறந்து பாருங்கள். தலைவரின் செய்தி, மாறி மாறி ஓடும் ஐந்து படங்கள், போன மாதம் நடந்த விழா. பட்டியலில் உள்ள ஆறில் எத்தனைக்கு ஒரே தொடுதலில் போக முடிகிறது? ஆறுக்கும் ஆறு பொத்தான்கள் முகப்பின் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். ஓடும் படங்களை எடுத்துவிடலாம். முதல் படத்துக்குப் பிறகு யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை.

படி 3: பாடப்பிரிவுப் பக்கம்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனிப் பக்கம் வேண்டும். தேடுபவர் 'கல்லூரி' என்று தேடுவதைவிட 'இசிஇ கட் ஆஃப்' என்றுதான் தேடுகிறார். துறைத் தலைவரின் வரவேற்புரையும், தொலைநோக்கு, குறிக்கோள் என்ற பத்திகளும் தர மதிப்பீட்டுக் குழுவுக்காக எழுதப்பட்டவை. அவை இருக்கட்டும், ஆனால் பக்கத்தின் அடியில்.

மேலே இருக்க வேண்டியது இது. பாடப்பிரிவின் முழுப்பெயர், கவுன்சிலிங்கில் அதற்கான குறி, கல்லூரியின் கவுன்சிலிங் எண். பெயர் ஒன்றுபோல இருக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. கவுன்சிலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஓர் இலக்கம் மாறினால் வேறு ஊர்க் கல்லூரி கிடைத்துவிடும். ஆகவே எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், அது எந்த ஊர் என்பதோடு சேர்த்துப் போடுங்கள். அதற்கடுத்து அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, அதில் அரசு ஒதுக்கீடு எத்தனை என்பது. சிறுபான்மை அல்லாத கல்லூரியில் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரியில் 50 சதவீதமும் கவுன்சிலிங்குக்குப் போகும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇயின் அனுமதிக் கடிதம் நடப்பு ஆண்டுக்கானதா என்று பாருங்கள். தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ தரும் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவதில்லை, பாடப்பிரிவுக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. மூன்று பிரிவுகளுக்குக் கிடைத்ததை எல்லாப் பக்கத்திலும் ஒட்டுவது பொய். எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிறகு கட் ஆஃப் அட்டவணை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 என்ற கணக்கை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கான கடைசி மதிப்பெண்ணை வகுப்புவாரியாகக் கொடுங்கள்: ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி. எந்தச் சுற்றில் முடிந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். பல கல்லூரிகள் இங்கே தங்களிடம் சேர்ந்தவரின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் பெருமையாகப் போடுகின்றன. 120 வாங்கிய பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? தனக்கு இங்கே இடம் கிடைக்குமா என்பதே அவளுடைய கேள்வி, அதற்குக் கடைசி மதிப்பெண் மட்டுமே பதில். ஒரு வகுப்பில் இடம் மீந்திருந்தால் 'இடம் மீதமிருந்தது' என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. குறைந்த மதிப்பெண்ணோடு நம்பிக்கை இழந்து தேடுகிறவருக்கு அந்த ஒரு வரிதான் வழி காட்டும்.

வேலைவாய்ப்புப் பகுதியில் ஐந்து எண்கள் வேண்டும்: தேர்ச்சி பெற்றுப் படிப்பை முடித்தவர், வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தவர், வேலை பெற்றவர், மேற்படிப்புக்குப் போனவர், சம்பளத்தின் நடு எண் (எல்லாருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது). அதிகபட்சச் சம்பளத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள், அது ஒரே ஒருவருடையது. இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் கல்வி விளம்பர விதிகளும், வேலை பெற்றவர் எண்ணிக்கையைச் சொன்னால் அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் சொல்லச் சொல்கின்றன. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனம், தான் சமர்ப்பித்த விவரத்தைத் தன் தளத்திலும் வெளியிட வேண்டும். அங்கே ஓர் எண், விளம்பரத்தில் ஓர் எண் என்றிருந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்த அக்காவோ மாமாவோ பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவை அனைத்தும் எழுத்தாக இருக்க வேண்டும். அட்டவணையைப் படமாக எடுத்துப் போட்டாலோ, ஸ்கேன் செய்த பிடிஎஃபாக ஏற்றினாலோ தேடலில் அது கிடைப்பது அரிது. கைபேசியில் இரு விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும். பார்வையற்றவரின் வாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள்.

படி 4: கட்டணத்தை மறைக்காதீர்கள்

'கட்டண விவரத்துக்கு அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்' என்ற வரியை நிர்வாகங்கள் விரும்புகின்றன. போன் வந்தால் பேசி வழிக்குக் கொண்டுவரலாம் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு. தயங்கும் குடும்பம் போன் செய்வதே இல்லை. பதில் கிடைக்காத இடத்தில் ஏஜென்ட் வந்து நிற்கிறார், அவர் சொல்லும் தொகைதான் உங்கள் கட்டணம் என்று ஊரில் பரவுகிறது.

கட்டணப் பக்கத்தில் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள். அதன்பின் தேர்வுக் கட்டணம், ஒருமுறை மட்டும் கட்டுவது, திரும்பக் கிடைக்கும் முன்பணம், விடுதி வாடகை, மெஸ், பஸ் என்று வரிசையாக வரட்டும். கடைசியில் முதலாண்டு மொத்தம், நான்காண்டு மொத்தம். தவணை உண்டா, எந்தெந்த மாதம்? மெஸ் கட்டணம் பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? சேர்ந்த பின் விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்? பக்கத்தின் மேல் 'இந்தக் கல்வியாண்டுக்கானது, இந்தத் தேதியில் புதுப்பித்தது' என்று எழுதுங்கள். போன ஆண்டுக் கட்டணம் தளத்தில் அப்படியே கிடந்து, கவுண்டரில் வேறு தொகை கேட்டால், அந்தச் சண்டைக்குத் தளமே காரணம்.

சலுகைகளுக்குத் தனிப் பகுதி வேண்டும். 6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதி, போக்குவரத்துச் செலவையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் கடன் வாங்கத் தயாராகும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவருக்கு மட்டுமே, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு உங்கள் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆளின் பதவியையும் அறை எண்ணையும் குறிப்பிடுங்கள்.

படி 5: தமிழ்ப் பக்கம்

கட்டணம், சலுகை, விடுதி, பஸ், சேர்க்கை முறை ஆகிய ஐந்து பக்கங்கள் தமிழிலும் வேண்டும். முழுத் தளத்தையும் இயந்திர மொழிபெயர்ப்பில் தள்ளினால் யாருக்கும் புரியாத தமிழ்தான் கிடைக்கும். ஐந்தையும் அலுவலகத்தில் பெற்றோரிடம் பேசும் ஒருவரே எழுதட்டும். 'இயந்திரப் பொறியியல்' என்பதோடு 'மெக்கானிக்கல்' என்றும் எழுதுங்கள், தேடுவது அந்தச் சொல்லில்தான்.

எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகள் இருக்கும். அவை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அப்படியே ஒட்டினால் எழுத்துரு இல்லாத கைபேசியில் கிறுக்கலாக வரும், தேடலிலும் அகப்படாது. மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கி, ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்திவிட்டு ஏற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

படி 6: வேகம்

கூகுள் சொல்லும் மூன்று அளவுகள்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். கல்லூரித் தளங்கள் முதலாவதில்தான் தோற்கின்றன. கேமராவிலிருந்து நேரே ஏற்றிய 6 எம்பி படம்தான் காரணம். படத்தின் அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (webp) என்ற படக் கோப்பு வடிவில் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். சோதனையைக் கல்லூரி வைஃபையில் செய்யாதீர்கள். ஒரு சாதாரணக் கைபேசியில், பஸ்ஸில் போகும்போது திறந்து பாருங்கள்.

படி 7: வரைபடமும் பஸ்ஸும்

கூகுள் வரைபடத்தில் கல்லூரியின் குறி, வளாகத்தின் நடுவில் நிற்காமல் பிரதான வாசலில் நிற்க வேண்டும். பெரிய வளாகத்தில் பின்பக்கச் சுவருக்கு வழி காட்டிக் கொண்டுபோய் விடுவது அடிக்கடி நடக்கிறது. விடுதி, கேன்டீன், பழைய பெயர் என்று யாரோ தொடங்கிய இரட்டைப் பதிவுகளை நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். குறை சொல்லும் விமர்சனங்களுக்கு ஒரு வாரத்துக்குள் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். மாணவர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடவைப்பது வேண்டாம், ஒரே நாளில் வந்த நாற்பது பாராட்டு பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பஸ் ரூட்டை ஊர்ப் பெயர், நிறுத்தம், காலை நேரம் என அட்டவணையாகத் தாருங்கள். பெண் பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்பும் பெற்றோர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 8: விசாரணைப் படிவம்

பெயர், கைபேசி எண், பாடப்பிரிவு, மாவட்டம். நான்கு கட்டம் போதும். மதிப்பெண், ஆதார், சாதி, அப்பாவின் வருமானம் எதுவும் விசாரணைக்குத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் பாதியில் விடுபவர் கூடுவார்.

இங்கே சட்டமும் குறுக்கே வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது, அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 17 வயதுதான். ஆகவே படிவம் பெற்றோரிடம் பேசட்டும்: 'பெற்றோர் பெயர், பெற்றோர் கைபேசி எண்' என்று கேளுங்கள். எதற்காக வாங்குகிறோம், எப்போது அழிப்போம் என்று தமிழில் இரண்டு வரி எழுதி, முன்கூட்டியே டிக் போடாத ஒப்புதல் கட்டத்தை வையுங்கள். பிளஸ் டூ மாணவர் பட்டியல் என்று யாராவது எண்களை விற்க வந்தால் வாங்காதீர்கள். அது அந்தப் பிள்ளைகளிடமிருந்து திருடியது.

படிவம் நிரம்பியதும் யாருக்குப் போகிறது? யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டிக்கு என்றால் இத்தனை பாடும் வீண். மே, ஜூன் மாதங்களில் வேலை நேரத்தில் வந்த விசாரணைக்கு அரை மணிக்குள் திரும்பப் பேச ஆள் வேண்டும். வாட்ஸ்அப்புக்குக் கல்லூரியின் சொந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். ஆசிரியர் ஒருவரின் சொந்த எண்ணைப் போட்டால் அவருக்கு இரவும் பகலும் நிம்மதி இருக்காது, அவர் வேலையை விட்டால் உரையாடல் முழுவதும் அவரோடு போய்விடும். மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால், அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, இதற்கென்றே உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த வாசகத்திலிருந்து மாறினால் செய்தி போகாது. ரிசல்ட் அன்று இது தெரியவந்து தவிப்பதற்குப் பதில் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

படி 9: விளம்பரம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வயது, இடம் என்ற இரண்டைக் கொண்டு மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும், விருப்பத்தைக் கொண்டு முடியாது. சட்டமும் தளமும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. விளம்பரத்தைப் பெற்றோருக்குச் செய்யுங்கள். வயது 38 முதல் 55, மொழி தமிழ், உங்கள் பஸ் போகும் தாலுகாக்கள்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் இட அமைப்பைக் கவனியுங்கள். மாற்றாமல் விட்டால் 'அந்த இடத்தில் இருப்பவர் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்' என்று இருக்கும். அதனால் எங்கோ இருப்பவரின் கிளிக்குக்கும் காசு போகும். 'இருப்பவர்' மட்டும் என்று மாற்றுங்கள். விலக்கும் சொற்களில் 'சிலபஸ்', 'வினாத்தாள்', 'ரிசல்ட்', 'வேலை', 'உதவிப் பேராசிரியர்' ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். விளம்பரத்தைத் தொட்டவர் முகப்புக்குப் போகாமல் அந்தப் பாடப்பிரிவுப் பக்கத்துக்கே நேராகப் போக வேண்டும்.

காணொளிக்குப் பெரிய செலவு வேண்டாம். விடுதி அறை, மெஸ்ஸில் ஒரு சாதாரண நாள் மதியச் சாப்பாடு, ஆய்வகம். கைபேசியிலேயே, தமிழில், 90 விநாடிக்குள் எடுத்தால் போதும்.

படி 10: கணக்கு

ஒவ்வொரு விளம்பர இணைப்பிலும், முகவரியின் கடைசியில் ஒட்டும் யூடிஎம் குறிகள் மூன்று இருக்க வேண்டும்: எங்கிருந்து, எந்த வகை, எந்த விளம்பரம். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள். ஓரிடத்தில் பெரிய எழுத்து கலந்தால் அனலிட்டிக்ஸ் அதை வேறொன்றாக எண்ணிவிடும். அந்தக் குறி படிவத்தோடு சேர்ந்து விசாரணைப் பதிவேட்டிலும், அங்கிருந்து சேர்க்கைப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். இதைச் செய்யாத கல்லூரி விசாரணை எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துபோகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு விளம்பரத்துக்கு 60,000 ரூபாய் செலவு, 400 விசாரணை, 12 சேர்க்கை. இன்னொன்றுக்கு 20,000 ரூபாய், 40 விசாரணை, 8 சேர்க்கை. விசாரணைக்கு ஆன செலவைப் பார்த்தால் முதலாவது 150 ரூபாய், இரண்டாவது 500. முதலாவதே மலிவாகத் தெரியும். சேர்க்கைக்கு ஆன செலவோ முதலாவதில் 5,000, இரண்டாவதில் 2,500. விளம்பர முகவர் தரும் அறிக்கை 150 என்ற எண்ணோடு நின்றுவிடும். அதற்குமேல் உள்ள கணக்கைக் கல்லூரிதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு சரியாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆசிரியர்களுக்கு அட்மிஷன் டார்கெட் கொடுத்து ஊர் ஊராக அனுப்பும் பழக்கத்துக்கு எதிராக நிர்வாகத்திடம் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். அவர்கள் வகுப்பறையில் இருக்க வேண்டியவர்கள்.

படி 11: ஜூலையும் அதற்குப் பிறகும்

கவுன்சிலிங் தொடங்கியதும் முகப்பின் முதல் திரை மாற வேண்டும். இப்போது வருபவர் கல்லூரியைத் தேடி வருபவர் அல்லர், இடம் கிடைத்தவர். ஒதுக்கீட்டை ஏற்றுச் சேர்வதாகச் சொன்னவருக்குக் கல்லூரிக்கு வரச் சில நாட்களே இருக்கும். எந்தெந்தச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் எத்தனை நகல், கட்ட வேண்டிய தொகை, எந்த வகையில் கட்டலாம், ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் உண்டா, பஸ் நிலையத்திலிருந்து எப்படி வருவது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். யுஜிசியின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, விடுதிக் காப்பாளரின் அலுவலக எண் இரண்டும் அதே பக்கத்தில் இருந்தால் வீட்டில் கொஞ்சம் தைரியம் வரும். ஏஜென்ட் யாரையும் நியமிக்கவில்லை என்றால் அதையும் இங்கே எழுதுங்கள்.

செப்டம்பரில், விசாரணைப் பட்டியலில் இருந்தும் கல்லூரியில் சேராதவர்களின் விவரத்தை, சொன்ன தேதியில் அழித்துவிடுங்கள். அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டிலிருந்தும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான விவரத்தைக் கோப்பாக இறக்கி, தேதி போட்டு, முதல்வர் அலுவலகக் கணினியில் சேமியுங்கள். தொலைபேசி மேசையிலுள்ள நோட்டை எடுத்து, தளத்தில் பதில் இல்லாத கேள்விகளை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால், ஜனவரியில் முதல் வேலையாக எழுத வேண்டிய பக்கங்கள் எவை என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.